கோவளம் என்றால் முனை

(செங்கல்பட்டில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செங்கல்பட்டுக்காரர்களை உட்கார வைத்துக் கடலைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் துணிச்சல்தான். நம் ஊரில் கடல் கிடையாது. கொளவாய் ஏரியில் காற்றடித்தால் எழுவதுதான் நமக்கு அலை. ஆனால் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரித்து நமக்கென்று மாவட்டம் அமைத்தபோது, நீண்ட கடற்கரை ஒன்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்தவர்கள் ஒரே நாளில் கடற்கரைக்காரர்களாகவும் ஆனோம். கிடைத்த சொத்து என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அந்தக் கரையில் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது, ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது, பாலாறு கடலில் சேரும் இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் இன்று தொடப் போவதில்லை. இரண்டே இடங்கள்: கோவளம், மாமல்லபுரம். இரண்டுக்கும் பொதுவான ஒன்று, இரண்டுமே முனைகள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தினேன். ‘நிலமுனை’ என்று பாடப்புத்தகத்தில் ஒரு சொல் வரும். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுவார்கள், மதிப்பெண் வாங்குவார்கள், மறந்துவிடுவார்கள். நானும் அந்தச் சொல்லை ஒருநாளும் நேசித்ததில்லை. ஓய்வு பெற்றபின் வேறு ஏதோ தேடிப் பழைய அகராதியைப் புரட்டும்போது ‘கோவளம்’ கண்ணில் பட்டது. ஊர்ப்பெயர் என்று நினைத்திருந்த சொல்லுக்குப் பொருள் போட்டிருந்தது: கடலுக்குள் நீளும் தரைமுனை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த பொருளுக்குத் தமிழ் தன் சொந்தச் சொல்லை வைத்திருக்கிறது, அது முட்டுக்காட்டுக்குப் பக்கத்தில் பேருந்து நிறுத்தப் பலகையில் எழுதியிருக்கிறது!

யோசித்துப் பாருங்கள். திருவனந்தபுரத்துப் பக்கம் ஒரு கோவளம். அங்கே கலங்கரை விளக்கம் நிற்கும் பாறை முனை. கன்னியாகுமரிக்குச் சற்று மேற்கே இன்னொரு கோவளம். நம் மாவட்டத்தில் மூன்றாவது. ஊர் வேறு, கடல் வேறு. நிலம் மூன்றிலும் ஒரே காரியத்தைச் செய்கிறது.

சரி, முனை எப்படி உண்டாகிறது? சென்னையிலிருந்து தெற்கே வரும் கரையை வரைபடத்தில் பார்த்தால் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். ஒரே மணல். நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் கோடு லேசாக முட்டுகிறது. பாடத்தில் நான் சொன்ன விளக்கம் வழக்கமானது: கடின நிலம் தேயாமல் நிற்கும், மென்மையான நிலம் தேயும், அலை வளைந்து வந்து முனையின் மேல் கூடி அடிக்கும், இரண்டு பக்கமும் பரவித் தளரும். தப்பில்லை. ஆனால் அதை எனக்குப் புரியவைத்தவர் மாமல்லபுரத்துக் குப்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். கட்டுமரக் காலத்து மனிதர். பெயர் வேண்டாம், மேடையில் சொன்னால் கூச்சப்படுவார்.

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே மணலில் உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணை முடிந்துகொண்டிருந்தார். “கோயில் கல் இவ்வளவு தூரம் கடலுக்குள் ஓடியிருக்கே” என்று பேச்சுக் கொடுத்தேன். ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “கல்லு எங்க சார் ஓடும்? சுத்தி இருந்த மண்ணு ஓடிப்போச்சு. கல்லு நின்ன எடத்துலயே நிக்குது.”

பிறகு எழுந்து, கரையோரம் கிடந்த தென்னை மட்டையை எடுத்து, அலை வந்து தொட்டுப் போகும் இடத்தில் குறுக்காகக் குத்தினார். “கொஞ்ச நேரம் பாருங்க.” பார்த்தேன். அலை நேராக வரவில்லை, தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்தது. ஏறும்போது சாய்வாக மணலைத் தள்ளிக்கொண்டு ஏறியது, இறங்கும்போது நேராக இறங்கியது. ஒவ்வொரு அலைக்கும் மணல் ஓர் எட்டு வடக்கே போனது. பத்து நிமிஷத்தில் மட்டைக்குத் தென்புறம் மணல் திட்டாக ஏறிவிட்டது. வடபுறம் நான் வைத்திருந்த கால் பள்ளத்தில் இருந்தது, குதிகாலுக்கு அடியில் மண் கரைந்துகொண்டிருந்தது. “தெக்க சேருது, வடக்க அரிக்குது. அவ்ளோதான் சார் கடலு” என்றார். ஒரு வருஷப் பாடம் அது.

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை அவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை ஏறக்குறைய எட்டு மாதம் மணல் வடக்கே நடக்கிறது. வாடை பிடித்தபின் நாலு மாதம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்குக்குத்தான். ஆண்டுக்குப் பல லட்சம் கனமீட்டர் மணல் நம் கண்ணெதிரே ஊர்விட்டு ஊர் போகிறது, யாரும் டிக்கெட் கேட்பதில்லை. இந்த நடையில் குறுக்கே கிடக்கும் கல்தான் முனை.

கல்லைப் பற்றி ஒரு சின்ன விலகல். பல்லாவரத்துப் பாறைக்கு உலகப் புவியியலில் தனிப் பெயர் உண்டு: சார்னோக்கைட். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல் அது. 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ந்து, அது சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, கல்லறைக்காரரின் பெயரையே சூட்டிவிட்டார். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கல், கல்கத்தாவில் படுத்திருந்தவரின் பெயரைச் சுமக்கிறது. பல்லாவரத்துக்கு அந்தப் பெயர் கிடைக்காமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. மாமல்லபுரத்துப் பாறையும் அந்தத் தொல்பழங்காலப் பாறைக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

இனி வரலாறு. முனை இருக்கும் இடத்தில் ஏன் மனிதர்கள் கூடினார்கள்? நம் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட வேண்டும், மசூலாப் படகு போய்ச் சரக்கை இறக்கி, அலையை வெட்டிக்கொண்டு கரைக்கு வர வேண்டும். அப்படிப்பட்ட கரையில் முனை இரண்டு உதவி செய்யும். கடலிலிருந்து பார்த்தால் அடையாளம் தெரியும். அதன் ஒரு பக்கத்தில் அலை கொஞ்சம் தணிந்திருக்கும். அந்தக் ‘கொஞ்சத்துக்காக’ப் பெரிய பெரிய ராஜ்ஜியங்கள் அடித்துக்கொண்டன.

கோவளத்தைப் பாருங்கள். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் நமக்குத் தெரியும். ஆஸ்டெண்ட் கம்பெனி என்று ஒன்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்கள். வியன்னாவில் இருந்த பேரரசரின் நிழலில் வந்தவர்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் பிடித்த இடம் கோவளம். 1722-இல் அவர்களுக்கு முறையான பட்டயம் கிடைத்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஐரோப்பாவில் கொடுத்த நெருக்கடியில் 1727-இல் வணிகத்தை நிறுத்தி வைத்தார்கள், 1731-இல் கம்பெனியே மூடப்பட்டது. கோவளத்துக் கடையின் விதி வியன்னாவில் தீர்மானமானது.

பிறகு ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் அங்கே ஒரு கோட்டை கட்டினார். பெயர் சாதத் பந்தர். அவர் 1749-இல் ஆம்பூர்ப் போரில் இறந்துபோனார். அடுத்த ஆண்டே கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. போன விதம் சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம். ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நங்கூரம் போட்டு அபாயக் குறி காட்டியது. படகில் போய்ப் பார்த்தவர்களிடம், மாலுமிகள் பாதிப்பேர் ஸ்கர்வி நோயில் செத்துவிட்டார்கள், மிச்சம் இருப்பவர்களையாவது கரையில் இறக்காவிட்டால் அவர்களும் போய்விடுவார்கள் என்று அழுதார்கள். கோட்டைத் தலைவருக்கு இரக்கமோ, கிடைக்கப்போகும் வெகுமதியில் ஆசையோ, உள்ளே விட்டார். வந்தவர்கள் முப்பது பேர். உடையின் அடியில் ஆயுதம். அன்று இரவே கோட்டை கைமாறியது. கடலிலிருந்து வந்து ஒதுங்கும் நோயாளியை ஏற்றுக்கொள்வது கரையின் தர்மம். அந்த தர்மத்தையே ஏணியாக்கி ஏறினார்கள்.

1752-இல் ஆங்கிலேயர் தரப்பில் கிளைவ் வருகிறார். நமக்கும் கோவளத்துக்கும் உள்ள சம்பந்தம் இங்கேதான். அப்போது செங்கல்பட்டுக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் கையில். கிளைவுக்குக் கொடுத்த படை என்னவென்றால் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திறங்கிய 200 பேர், புதிதாகச் சேர்த்த 500 சிப்பாய்கள். துப்பாக்கிச் சத்தமே கேட்காதவர்கள். கோவளத்தில் கோட்டையிலிருந்து வந்த குண்டு ஒன்று பாறையில் பட்டுச் சில்லுகள் தெறித்துப் பதினான்கு பேரைச் சாய்த்தது. மிச்சப் பேருக்குக் கிலி பிடித்தது. ஒருவனைக் காணவில்லை என்று தேடினால், மறுநாள் கிணற்றுக்குள்ளே ஒளிந்திருந்தவனைக் கண்டுபிடித்தார்களாம். இந்தக் கதையைப் பிற்கால ஆங்கிலேய எழுத்தாளர்கள் கிளைவின் வீரத்துக்கு முன்னுரையாக எழுதினார்கள். எனக்கு அதில் தெரிவது பாறை. முனை தன் பங்குக்கு ஒரு குண்டைப் பதினான்காகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

கோவளம் விழுந்தது. அது தெரியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படை, வழியில் பதுங்கியிருந்த கிளைவின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டது. துரத்திக்கொண்டே வந்தவர்கள் நம் கோட்டை வாசலில்தான் நின்றார்கள். கொஞ்ச நாளில் செங்கல்பட்டுக் கோட்டையும் பணிந்தது. ஆக, கொளவாய்க் கரையில் நிற்கும் நம் கோட்டையின் தலைவிதி முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கடல்முனையில் எழுதப்பட்டது. சாதத் பந்தரை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு நட்சத்திர விடுதி. அலை அதேதான். முனையைச் சுற்றி வளைந்து நீளமாக உருண்டு வரும் அந்த அலைக்காக இன்று பலகை வைத்துக்கொண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். அலைச்சறுக்கில் பெயர் வாங்கியவர்களில் கோவளத்து மீனவர் வீட்டுப் பையன்கள் உண்டு. 2021-இல் அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது.

கோவளத்தில் இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். ஒன்று, ஜான் டி மான்டி என்ற வணிகர் கட்டிய கார்மேல் மாதா ஆலயம், 1808. மற்றது, தமீம் அன்சாரி தர்கா. நபித்தோழரின் பேழை கடலில் மிதந்து வந்து இங்கே கரை சேர்ந்தது என்பது நம்பிக்கை. வரலாற்றுப் பேராசிரியர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். எனக்கு அந்தத் தென்னை மட்டை ஞாபகம் வரும். மணல் சேரும் இடத்தில்தானே மிதந்து வருவதும் சேரும்? முனையின் குணம் தெரிந்தவர்கள் சொன்ன கதை அது.

இப்போது மல்லை என்கிற மாமல்லபுரத்துக்கு வருவோம்.

சின்ன வயதில் நாங்கள் போன வழி திருக்கழுக்குன்றம் வழி. இன்றும் செங்கல்பட்டு பேருந்து அப்படித்தான் போகிறது. அங்கே வேதகிரி மலையில் ஒருகல் மண்டபம் என்று பல்லவர் குடைவரை இருக்கிறது. உள்ளே தூணிலும் சுவரிலும் டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையில் இருந்தவர்கள். விடுமுறையில் மலைக்கு வந்து, காற்று வாங்கி, பெயர் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் பையன்கள் கீறினால் திட்டுகிறோம். முந்நூறு வருஷம் கழிந்தால் அதுவும் தொல்லியல். அது கிடக்கட்டும்.

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு துறைமுகப் பட்டினம் வருகிறது, நீர்ப்பெயற்று. தொண்டைமான் இளந்திரையனின் நாடு. அங்கே ஏணி வைத்து ஏற வேண்டிய உயர்ந்த மாடத்தில் இரவில் தீ ஏற்றிக் கப்பல்களைக் கூப்பிட்டதை அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். அந்த ஊர் மாமல்லபுரம்தான் என்று சிலர் கருதுகிறார்கள். அதை நிரூபிக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, குன்றின் உச்சியில் இராஜசிம்ம பல்லவன் கட்டிய ஒலக்கணேசுவரர் கோயிலின் மேலே 1887-இல் ஆங்கிலேயர் விளக்கு ஏற்றினார்கள். பக்கத்திலேயே கல்லால் கோபுரம் எழுப்பி 1904-இல் அங்கே மாற்றினார்கள். அதுதான் இப்போது நாம் ஏறிப் பார்க்கும் கலங்கரை விளக்கம். பாதுகாப்புக் காரணத்தால் 2001-இலிருந்து பத்தாண்டு மூடிக்கிடந்து 2011-இல் திறந்தது. மேலே நின்று கீழே பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே தாழ்ந்த நிலமும் பக்கிங்காம் கால்வாயும். நடுவில் ஒரு கல் முதுகு. கால்வாயை மறந்துவிட்டு அந்தத் தாழ்நிலத்தில் மழைநீர் நிற்பதாக நினைத்துக்கொண்டால், மல்லை ஏறக்குறைய தீவு.

இந்தக் கல் முதுகுக்காகத்தான் பல்லவர்கள் வந்தார்கள். காஞ்சிக்குக் கடல்வாசல் வேண்டும், கடல் கடந்த உறவுகளுக்காக. பல்லவர் உதவியுடன் இலங்கை அரியணையை மீட்ட மானவம்மனின் கதையை மகாவம்சம் சொல்கிறது. 720-இல் இராஜசிம்மன் சீனாவின் தாங் அரசவைக்குத் தூது அனுப்பியதைச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தப் பழைய உறவைச் சொல்லித்தான் 2019 அக்டோபரில் இந்திய, சீனத் தலைவர்களை இங்கே கூட்டிவந்து இளநீர் கொடுத்தார்கள்.

கடற்கரைக் கோயிலில் இரண்டு சிவன் சந்நிதிகள், க்ஷத்ரியசிம்மேசுவரம், இராஜசிம்மேசுவரம். இரண்டுக்கும் நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். பெரும்பாலோர் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். சுற்றியுள்ள கோயில் அடுக்கிக் கட்டியது. ஆனால் படுத்திருக்கும் பெருமாள் எங்கிருந்தும் கொண்டுவந்து வைத்த சிலை அல்ல. அங்கேயே கிடந்த தாய்ப்பாறையில் செதுக்கியது. கோயிலுக்கும் முந்தியவர். முனையின் நுனிக் கல்லே பெருமாளாகப் படுத்திருக்கிறது. 

இவரைப் பற்றி வடமொழிக் கவி தண்டி எழுதியிருக்கிறார். அவந்திசுந்தரி கதையின் தொடக்கத்தில் வருகிறது. பெருமாளின் கை முறிந்துபோயிருந்தது. லலிதாலயர் என்ற சிற்பி அதை ஒட்டித் தந்தார், ஒட்டு எங்கே என்று தெரியாதபடி. அதை வந்து பார்க்கும்படி தண்டியை அழைக்கிறார், தண்டி நண்பர்களோடு போகிறார். பல்லவர் காலத்திலேயே மல்லைச் சிலை முறிந்திருக்கிறது, பல்லவர் காலத்திலேயே பழுது பார்த்திருக்கிறார்கள், அதைப் பார்க்க விருந்தினரை அழைக்கிற அளவுக்குப் பெருமைப்பட்டிருக்கிறார்கள். கட்டியவனைக் கொண்டாடும் நாம் ஒட்டியவனைக் கொண்டாடுவதில்லை. லலிதாலயருக்கு இந்த ஊரில் ஒரு தெருப்பெயராவது இருக்கலாம்.

இன்று அந்த வேலையைத் தொல்லியல் துறைக்காரர்கள் செய்கிறார்கள். உப்புக் காற்று கல்லின் துளைகளில் புகுந்து, காய்ந்து, உப்புப் பூத்துக் கல்லை உள்ளிருந்து உதிர்க்கும். காகிதக் கூழை ஈரத்தோடு கல்லின் மேல் அப்பி விடுவார்கள். கூழ் காயும்போது உப்பை உறிஞ்சிக்கொள்ளும், உரித்து எடுத்துவிடுவார்கள். வீட்டில் பாட்டி கட்டிக்குப் பற்றுப் போடுவது மாதிரிதான். கோயிலின் யாளிகள் எல்லாம் வாயில் மிட்டாய் கரைந்ததுபோல் மழுங்கியிருப்பதைப் பார்த்தால், இன்னும் எத்தனை பற்று வேண்டியிருக்கும் என்று தோன்றும்.

ஏழு கோயில் கதைக்கு வருகிறேன். வராவிட்டால் விடமாட்டீர்கள். ஐரோப்பிய மாலுமிகள் இந்த ஊரை ‘ஏழு கோபுரங்கள்’ என்றே அழைத்தார்கள். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1770-களில் இங்கே வந்து, 1788-இல் எழுதிய கட்டுரையில், கடலுக்குள் செம்புக் கலசங்கள் விடியலில் மின்னியதை ஊர்ப் பெரியவர்கள் பார்த்ததாகச் சொன்னார்கள் என்று பதிவு செய்தார். 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தின் முக்குளிப்போர் கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்களையும் சிதறிய கட்டுக்கற்களையும் பார்த்தார்கள். உடனே பத்திரிகைகளில் ஆறாயிரம் ஆண்டு நகரம் எழுந்துவிட்டது. ஆய்வாளர்கள் நிதானமாகச் சொன்னது வேறு: பல்லவர் காலமாக இருக்கலாம். கரை ஆண்டுக்குச் சராசரி 55 சென்டிமீட்டர் அரிக்கிறது. அந்த வேகத்தில் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன் கரை இப்போதைக்கு 800 மீட்டர் அளவுக்குக் கிழக்கே இருந்திருக்கும்.

எனக்கு இந்த 55 சென்டிமீட்டர்தான் பிடித்திருக்கிறது. ஒரே இரவில் கடல்கோள் வந்து விழுங்கியது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. குமரிக்கண்டத்தில் வளர்ந்த காது நமக்கு. ஆனால் வருஷத்துக்கு ஒரு முழம் கொஞ்சம் மிச்சம் என்று மணல் நடந்து போய்விட்டதுதான் பெரும்பாலும் நடந்திருக்கும். ஆண்டுக்கு ஒரு முழம் போவதை எந்தத் தலைமுறையும் பேரிழப்பாக நினைத்திருக்காது. பாட்டன் காலத்தில் வாசலுக்கு அப்பால் இருந்த கடல் பேரன் காலத்தில் வாசலில் நின்றிருக்கும், அவ்வளவுதான்.

கடலின் கோபமும் இல்லாமல் இல்லை. 2004 டிசம்பர் 26 காலை கடல் உள்வாங்கியபோது, மல்லைக்காரர்கள் அதுவரை பார்த்திராத கற்களைக் கடல்தரையில் பார்த்தார்கள். திரும்பி வந்த அலை கரையில் மணலை வாரிக்கொண்டு போனதில் புதைந்திருந்த பாறைச் சிற்பங்கள் வெளியே வந்தன. வடக்கே சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில் கல்வெட்டு தெரிந்தது. அதில் திருவீழ்ச்சில் என்ற ஊரும் முருகன் கோயிலும் சொல்லப்பட்டிருந்தன. கோயில் எங்கே என்று தொல்லியல் துறை தோண்ட, பல்லவர் காலக் கல் அடித்தளம் வந்தது. அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கல் கோயில். முன்னால் கல்வேல். கடல் சீற்றத்தில் ஒருமுறை இடிந்து, அதன்மேல் கட்டி, மறுபடியும் இடிந்தது என்று தோண்டியவர்கள் கருதினார்கள். இரண்டு முறை மண்ணுக்குள் போன முருகனை மூன்றாவது அலை வெளியே எடுத்துக் கொடுத்தது. கடற்கரைக் கோயிலுக்கு அந்த நாளில் பெரிய சேதம் இல்லை. கல் முனையும் சுற்றிக் கொட்டியிருந்த கற்களும் தாங்கிக்கொண்டன.

கொட்டியிருந்த கற்கள் என்றேன். என் பேச்சு வர வேண்டிய இடம் அதுதான்.

கோயிலைக் காப்பாற்றச் சுற்றிலும் பாறாங்கல் கொட்டியது சரியான காரியமே. நான் ஆட்சேபிக்கவில்லை. கல் இல்லாவிட்டால் இன்று கோயில் இருக்குமா என்பதே சந்தேகம். ஆனால் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டும் ஒவ்வொரு முறையும் நாம் செய்வது ஒரு செயற்கைக் கோவளம். கடலுக்கு அது இயற்கையா, ஒப்பந்ததாரர் கட்டியதா என்று தெரியாது. தென்னை மட்டைக்குச் செய்ததையே அதற்கும் செய்யும். தெற்கே சேர்க்கும், வடக்கே அரிக்கும்.

சந்தேகம் இருந்தால் சென்னையைப் பாருங்கள். துறைமுகச் சுவர் 1876-இலிருந்து கடலுக்குள் நீண்டது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. அகலமான கடற்கரை என்று நாம் பெருமைப்படும் மணலில் பெரும்பகுதி ராயபுரத்துக்கும் அதற்கு வடக்கேயும் போய்ச் சேர வேண்டியிருந்த மணல். போகாததால் அங்கே கரை அரித்து, வீடுகள் போய், கல் கொட்டிக் கொட்டி இன்று கல்லே கரையாகிவிட்டது. மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிட்ட இடம் ராயபுரத்துக்காரர் வீட்டு வாசல்.

நம் மாவட்டத்துக் கரையிலும் அதுவே நடக்கிறது. ஒரு குப்பத்தில் அரிப்பு என்று மனுக் கொடுக்கிறார்கள், நியாயமான மனு. கல் வருகிறது. அந்தக் குப்பம் மூச்சு விடுகிறது. அடுத்த பருவத்தில் வடக்கே உள்ள குப்பத்தில் படகு ஏற்ற இடமில்லை, அவர்களும் மனுக் கொடுக்கிறார்கள். மறுபடியும் கல். கட்டுமரமும் பெரிய வலையும் இழுக்க அகலமான மணல் வேண்டும். கல் குவித்த கரையில் வலை எங்கே காயும்? ஃபைபர் படகைத் தெருவில் ஏற்றி வைத்திருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

மனுக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் குறை கிடையாது. வீட்டுச் சுவரை அலை தொடும்போது யாரும் பக்கத்து ஊருக்காகக் காத்திருக்கமாட்டார்கள். குறை, ஊர் ஊராகக் கணக்குப் பார்க்கும் நம் பழக்கத்தின் மேல். மணல் பஞ்சாயத்து எல்லையில் நின்று கணக்குக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பாலாற்று முகத்துவாரத்திலிருந்து முட்டுக்காட்டு முகத்துவாரம் வரை ஒரே வரவு செலவு. நடுவே இரண்டு பழைய கல்முனைகள் தங்கள் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தாண்ட விட்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கரை அதற்கேற்பப் படிந்துகொண்டது. நாம் சில பத்தாண்டுகளில் எத்தனை முனை செய்துவிட்டோம் என்று எண்ண ஒரு நாள் கரையோரம் நடந்தாலே போதும்.

மல்லைத் தலசயனப் பெருமாள் கோயிலின் தலபுராணம் உங்களில் பலருக்குத் தெரியும். புண்டரீக முனிவர் பாற்கடலில் இருக்கும் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று நம் கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினார். கடலை இறைத்து வழி உண்டாக்குவது! பெருமாள் ஒரு கிழவராக வந்து, பசிக்கிறது, சோறு கொண்டுவா என்றார். முனிவர் சோறு கொண்டுவரப் போன நேரத்தில் அவரே கொஞ்சம் இறைத்துவிட்டு, அலுத்துத் தரையிலேயே படுத்துவிட்டார். ஆதிசேஷன் கிடையாது, வெறும் தரை. அதனால்தான் தலசயனம். கடற்கரைக் கோயில் பெருமாளைச் சோழர் காலத்தில் ஜலசயனம் என்றார்கள். ஒரே ஊரில் ஒருவர் நீரின் ஓரத்தில், ஒருவர் ஊருக்குள்ளே தரையில். கரை நகர்வதை இதைவிட நன்றாக யாரும் சாமி பெயரில் எழுதி வைத்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

அந்தப் பெரியவரைப் போன மாசம் மறுபடி பார்த்தேன். இடம் மாறியிருந்தார். முன்பு உட்கார்ந்திருந்த மணல்மேடு இல்லை, அதற்கு மேற்கே ஒரு சுவரோரம் உட்கார்ந்து அதே வலையோ வேறு வலையோ முடிந்துகொண்டிருந்தார். “இங்க வந்துட்டீங்களா?” என்றேன். “நான் வரல சார். கடலு வந்துச்சு” என்றார். ஊசியை நூலோடு பல்லில் கடித்துக்கொண்டு, புதிதாகக் கொட்டியிருந்த கல்வரிசையைத் தாடையால் காட்டினார். அதன் தென்புறம் மணல் இடுப்பளவு ஏறி, அதன்மேல் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வடபுறம் அலை நேராகச் சுவரில் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்துப் போய்வாருங்கள். கோயிலைப் பார்த்தபின் அந்தக் கல்வரிசைக்கும் ஒரு நடை போங்கள். தென்புறம் ஒருமுறை, வடபுறம் ஒருமுறை நின்று உங்கள் உயரத்தை அளந்து வந்து சொல்லுங்கள். இப்போது கேள்வி இருந்தால் கேளுங்கள். டீ வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது.